'தேய்மானம்' என்ற சொல்லும் எங்கள் முழங்கால்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முழங்கால் மூட்டுவாதத்தை திருகோணமலையில் நாங்கள் 'தேய்மானம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கிளினிக் வரிசையிலும் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களிலும் அதே சொல்தான். அந்தச் சொல் என் அக்காவை நான்கு ஆண்டுகள் கதிரையில் இருத்திவிட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்து "தேய்ந்து போச்சு" என்று ஒருவர் சொன்ன நாளிலிருந்து, மிச்சமிருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று அக்கா நடையைக் குறைத்தார். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் ஏற்றத்தை முதலில் விட்டார். பிறகு சந்தையை விட்டார். கடைசியில் விறாந்தைக் கதிரையிலிருந்து எழும்புவதற்கே இரண்டு கைப்பிடிகளையும் ஊன்றி, மூச்சை அடக்கி, இரண்டாம் முறை தெண்டிக்க வேண்டியிருந்தது. வலி குறையவேயில்லை, தொடைதான் மெலிந்தது.

நீண்டகாலம் உயிரியல் கற்பித்தவள் நான். எலும்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையத்தில் (குருத்தெலும்பு என்றும் சொல்வார்கள்) இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை நீர். அந்த நீரை இழுத்து வைத்திருப்பவை அக்ரிகன் என்னும் பெரிய மூலக்கூறுகள், அவற்றைக் கட்டிப்பிடித்திருப்பது கொலாஜன் என்னும் நார்ப்புரத வலை. காலை ஊன்றும்போது நீர் பிழியப்படுகிறது, தூக்கும்போது மூட்டுப் பாய்மத்தோடு மீண்டும் உள்ளே ஊறுகிறது. உள்ளிருக்கும் சொற்பக் கலங்களுக்கு ஊட்டம் பெரிதும் இந்தப் போக்குவரவால்தான் போய்ச் சேருகிறது. அழுத்தத்தை அந்தக் கலங்கள் உணரவும் செய்கின்றன. அவற்றில் இருக்கும் பியெசோ என்னும் அழுத்த வாயில்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021 இல் நோபல் பரிசு கிடைத்தது. அளவான, விட்டுவிட்டு வரும் சுமை புதிய அக்ரிகனை உண்டாக்கத் தூண்டுகிறது. சுமையே இல்லாவிட்டால் அந்த உற்பத்தி குறைகிறது. முள்ளந்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்களின் முழங்காலில் கசியிழையம் மெலிந்துபோவதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியிருக்கின்றன. முழங்காலுக்குள் மெத்தைபோல் இருக்கும் பிறைவடிவத் தட்டில் (மெனிஸ்கஸ்) சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் நான்கு மாதம் பயிற்சி செய்தபோது அவர்களின் கசியிழையத்தின் தரம் மேம்பட்டதை 2005 இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

எந்தச் சுமையும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சமதரையில் நடக்கும்போது முழங்காலில் விழும் விசை உடல் எடையின் இரண்டரை மடங்கு, படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. தம்பலகாமத்து வயலில் நாள் முழுக்கக் குந்தியிருந்து களை பிடுங்குகிறவருக்கும், முழந்தாளிட்டு வேலை செய்கிற மேசனுக்கும், வளைந்த காலோடு பாரம் தூக்குகிறவருக்கும் ஆபத்து உண்மையாகவே கூடுதல். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு 4 கிலோ அளவு சுமை குறைகிறது என்று அமெரிக்காவில் அளந்து காட்டியிருக்கிறார்கள். இழந்துவிட்ட கசியிழையத்தைப் பயிற்சி மீட்டுத் தராது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் வலி குறையும், நடமாட்டம் கூடும், தொடைத்தசை பலப்படும், இவை போதாதா? கன்னியா வெந்நீர் ஊற்றின் இதத்தை நான் மறுக்கவில்லை, அக்காவைப் பலமுறை நானே கூட்டிப் போயிருக்கிறேன். அந்த இதம் தொடைக்குப் பலம் தராது.

பிறகு ஓர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தவை மிக எளியவை: கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்புவது, நோகும் காலுக்கு எதிர்க்கையில் தடி பிடிப்பது, தேங்காய் திருவக் குந்தாமல் மேசையில் வைத்துத் திருவுவது. பயிற்சியின்போது சிறிது நொந்தாலும் மறுநாள் தணிந்துவிட்டால் தொடரலாம், மறுநாள் முழங்கால் வீங்கினால் அளவைக் குறைக்க வேண்டும். முதல் வாரம் அக்கா மூன்று தரத்துக்கு மேல் எழும்பவில்லை. இப்போது உப்புவெளிப் பக்கம் காலையில் 20 நிமிடம் நடக்கிறார்.

இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த நான்கு ஆண்டுகள் வீணாகியிருக்காது. ஆகவே உங்கள் மருத்துவப் பக்கத்தில் 'தேய்மானம்' என்பதை விட்டு 'மூட்டுவாதம்' என்றே அச்சிடுமாறும், எந்தச் சுமை, எவ்வளவு, எப்போது குறைப்பது என்பதை இயன்மருத்துவர் ஒருவரைக் கொண்டு படங்களோடு எழுதுவிக்குமாறும் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.