இலத்திரனியல் வர்த்தகத்தில் அடையாள இலக்கம் யாருக்குச் சொந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறு, நடுத்தர ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டுக் கொள்வனவாளர்களுடன் ஈ.டி.ஐ. எனப்படும் இலத்திரனியல் தரவுப் பரிமாற்றத்துக்கு (கட்டளை, இன்வொய்ஸ் போன்ற ஆவணங்களைக் கணினியிலிருந்து கணினிக்கு நேரடியாக அனுப்பும் முறைக்கு) மாற வேண்டியதன் அவசியம் பற்றித் தங்கள் வர்த்தகப் பக்கத்தில் கட்டுரைகள் வெளிவருகின்றன. மென்பொருளின் விலை, பயிற்றப்பட்ட ஆட்களின் தட்டுப்பாடு, இணைய வசதி ஆகியவற்றைப் பற்றியெல்லாம் அவை பேசுகின்றன. அனுப்புநருக்கும் பெறுநருக்கும் எந்த அடையாள இலக்கத்தைத் தெரிவுசெய்வது என்ற விடயத்தை மட்டும் யாரும் தொடுவதாகத் தெரியவில்லை. கொழும்பில் ஆடை, தேயிலை ஏற்றுமதி நிறுவனங்களுக்கு இத்தகைய இணைப்புகளை அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், பின்னாளில் முளைக்கும் சிக்கல்களில் கணிசமானவை முதல் நாளில் இந்த ஒரு கட்டத்தை ஏனோதானோ என்று நிரப்பியதால் வருபவை என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கக் கொள்வனவாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் எக்ஸ் 12 தரத்தில், ஒவ்வொரு பரிமாற்றமும் ஐ.எஸ்.ஏ. என்ற தலைப்பு வரியுடன் தொடங்குகிறது. அந்த வரியின் நீளம் 106 எழுத்துகள்; கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதற்குள் அனுப்புநர் அடையாளத்துக்கு 15 இடங்களும் பெறுநர் அடையாளத்துக்கு 15 இடங்களும் உள்ளன. இலக்கம் குறுகியதாக இருந்தால் எஞ்சிய இடங்களை வெற்றிடங்களால் நிரப்ப வேண்டும். ஒவ்வோர் அடையாளத்துக்கும் முன்பாக, அது எந்த வகையைச் சேர்ந்தது என்று கூறும் இரண்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். ஐரோப்பாவில் பரவலாக உள்ள எடிஃபெக்ட் தரத்தில் இதே வேலையை யு.என்.பி. என்ற வரி செய்கிறது. அங்கு அடையாளம் 35 எழுத்துகள் வரை நீளலாம்.

வகைக் குறியீட்டைப் பலர் ஓர் அலங்காரம் போல எண்ணிவிடுகிறார்கள். கொழும்பு 03 ஆ, 04 ஆ, 06 ஆ என்று குறிப்பிடாமல் வீட்டிலக்கத்தையும் காலி வீதி என்பதையும் மட்டும் எழுதி அனுப்பிய கடிதத்தின் நிலைதான், வகைக் குறியீடு பிழைத்த அடையாளத்தின் நிலையும். குறியீடும் இலக்கமும் சேர்ந்தே ஒரு முகவரி ஆகின்றன. இலக்கம் அப்படியே இருக்கக் குறியீடு மட்டும் மாறினாலும், இடையில் நின்று ஆவணங்களைக் கைமாற்றும் வலையமைப்பு அதனை வேறொரு நிறுவனம் என்றே கொள்ளும். இதில் இரு கண்டங்களுடனும் வியாபாரம் செய்யும் நமது ஏற்றுமதியாளர்களுக்கென்றே வைத்தாற் போன்ற பொறி ஒன்று உண்டு. எடிஃபெக்டில் 14 என்ற குறியீடு ஜி.எல்.என். எனும் உலகளாவிய இட இலக்கத்தைக் குறிக்கும். எக்ஸ் 12 இல் அதே 14, டன்ஸ் எனும் நிறுவன அடையாள இலக்கத்துடன் பின்னொட்டுச் சேர்த்ததைக் குறிக்கும். எக்ஸ் 12 இல் ஜி.எல்.என். இலக்கத்துக்கு உரியது 07. ஜெர்மனிக் கொள்வனவாளருக்காகத் தயாரித்த அமைப்பை அப்படியே பிரதிசெய்து நியூயோர்க் கொள்வனவாளருக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

இனி, எந்த இலக்கத்தைத் தெரிவுசெய்வது? எளிதான வழி இசட் இசட் என்ற குறியீட்டைப் போட்டு (எடிஃபெக்டில் மூன்று இசட்), இரு தரப்பும் தமக்குள் ஒத்துக்கொண்ட ஏதாவதொரு பெயரை எழுதிவிடுவது. தரம் இதை அனுமதிக்கிறது. ஒரேயொரு கொள்வனவாளருடன் மட்டும் வியாபாரம் செய்பவருக்கு இதனால் உடனடித் தீங்கும் இல்லை. ஆனால், உங்கள் நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளை இன்னொரு நாட்டில் இன்னொருவர் ஏற்கெனவே அதே வலையமைப்பில் பதிந்திருக்கலாம். அப்போது ஐந்தாவது கொள்வனவாளருக்காக மட்டும் வேறொரு பெயரை வைக்க நேரும். ஒரே கம்பனிக்கு ஊருக்கொரு பெயர் என்ற நிலை அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.

தொலைபேசி இலக்கத்தைப் பயன்படுத்துவோரும் உளர். எக்ஸ் 12 இல் அதற்கு 12 என்ற தனிக் குறியீடே இருக்கிறது. கொழும்பின் பிரதேசக் குறியீடு 01 என்றிருந்து 011 ஆகி, இலக்கங்களும் நீண்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. கம்பனிப் பதிவிலக்கமும் அப்படித்தான். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பழைய கம்பனிகள் எல்லாம் புதிய இலக்கங்களைப் பெற வேண்டியிருந்தது. அந்த இலக்கத்தின் முன்னெழுத்துகளே கம்பனி தனியாருடையதா, பங்குச் சந்தையில் இடப்பட்டதா என்பதைச் சொல்வதால், நிறுவனத்தின் தன்மை மாறினால் இலக்கமும் மாறும். ஓர் அடையாளத்துக்குள் எவ்வளவு அர்த்தத்தைத் திணிக்கிறோமோ அவ்வளவுக்கு அது மாற்றத்துக்கு ஆளாகிறது. பெயர், ஊர், தொழில், உரிமையாளர் எதையும் சொல்லாத வெற்று இலக்கமே நீடித்து உழைக்கும்.

அத்தகைய வெற்று இலக்கங்களில் நமக்கு எட்டக்கூடியவை இரண்டு. ஒன்று, டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற தனியார் நிறுவனம் வழங்கும் ஒன்பது இலக்க டன்ஸ் எண். அமெரிக்க வணிகத்தில் இதற்கு நீண்டகாலச் செல்வாக்கு உண்டு. எனினும், அமெரிக்க மத்திய அரசாங்கமே 2022 ஏப்ரல் மாதத்தில் தனது ஒப்பந்தகாரர்களுக்கு இதனைக் கைவிட்டு, தானே வழங்கும் 12 எழுத்து அடையாளத்துக்கு மாறியது என்பதையும் கவனிக்க வேண்டும். தனியார் ஒருவரின் பட்டியலில் தங்கியிருப்பது பெரியவர்களுக்கே சங்கடம் தருகிறது. மற்றையது, பார்கோடு இலக்கங்களை வழங்கும் சர்வதேச அமைப்பான ஜி.எஸ்.1 இன் 13 இலக்க ஜி.எல்.என். இலங்கையில் இதனை ஜி.எஸ்.1 லங்கா வழங்குகிறது. நமது பொருட்களின் பார்கோடுகளில் காணும் அதே 479 என்ற முன்னிலக்கத்துடன் இது தொடங்கும். இதன் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம்: முன்னுள்ள பன்னிரண்டு இலக்கங்களையும் ஒன்று விட்டு ஒன்று 1 ஆலும் 3 ஆலும் பெருக்கிக் கூட்டி, அடுத்து வரும் பத்தின் மடங்கிலிருந்து கழித்தால் கிடைப்பது. தட்டச்சில் ஓர் இலக்கம் பிழைத்தால் கணினியே கண்டுபிடித்துவிடும். இசட் இசட் போட்டு எழுதிய பெயருக்கு இந்தக் காவல் கிடையாது. சுப்பர் மார்க்கெட்டுகளுக்குப் பொருள் வழங்குவதற்காக ஏற்கெனவே பார்கோடு பெற்றிருக்கும் சிறு உற்பத்தியாளர்கள், இந்த அடையாளத்துக்கும் அதே இடத்தில் விசாரிக்கலாம் என்பதை அறியாமலே இருக்கிறார்கள். என் தெரிவு இதுதான். உறுப்புரிமையைக் காலாவதியாக விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் இதனுடன் கூட வரும்.

ஆயினும், எந்த வகை இலக்கம் என்பதைவிட அது யாருடைய இலக்கம் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம்மவர்களுள் பலர் இணைப்புச் சேவை வழங்குநர் எதைத் தருகிறாரோ அதையே வாங்கிக்கொள்கிறார்கள். வழங்குநரோ தமது பெயரின் சுருக்கத்தை முன்னால் ஒட்டி, பின்னால் வாடிக்கையாளரின் வரிசை எண்ணைச் சேர்த்து ஒன்றை உருவாக்கிக் கொடுக்கிறார். எனக்குத் தெரிந்த தேயிலைப் பொதியிடல் நிறுவனம் ஒன்று கட்டண உயர்வு காரணமாக வழங்குநரை மாற்றியபோது, அந்த அடையாளத்தைக் கூடவே கொண்டுபோக இயலவில்லை. புதிய அடையாளத்தை ஒவ்வொரு கொள்வனவாளரும் தத்தம் அமைப்பில் பதிந்து, மீண்டும் சோதித்து, ஒப்புதல் அளிக்க வேண்டியிருந்தது. அவசரம் நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை. இடைப்பட்ட காலத்தில் சில கொள்வனவுக் கட்டளைகள் யாரும் திறந்து பாராத பழைய பெட்டிக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. வழங்குநர் சட்டப்படி ஒரு தவறும் செய்யவில்லை. ஒப்பந்தத்தில் அந்த இலக்கம் அவருடையதாகவே இருந்தது. கைபேசிச் சேவையை மாற்றுவதற்கு முன் நூறு முறை யோசிக்கும் நாம், இந்த ஒப்பந்தத்தில் மட்டும் வாசிக்காமலே கையொப்பமிடுகிறோம்.

எழுத்துகள் விடயத்திலும் சிறிது கண்டிப்பு வேண்டும். நட்சத்திரக் குறி, கூட்டல் குறி, முக்காற்புள்ளி, மேற்கோள் குறி போன்றவை இத்தரங்களில் பகுதிகளைப் பிரிக்கும் வேலையைச் செய்வதால், அடையாளத்துக்குள் அவற்றுக்கு இடமில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் இலக்கங்களும் போதும். இதைவிடப் பரவலான தொல்லை எக்செல் தருவது. 13 இலக்க எண்ணை ஓர் அட்டவணைக் கட்டத்தில் இட்டால், 4.79 என்று தொடங்கி, நடுவே ஓர் ஆங்கில எழுத்துடன் +12 என்று முடியும் சுருக்க வடிவமாக அது தோன்றலாம். பூச்சியத்தில் தொடங்கும் டன்ஸ் எண்ணை இட்டால் பூச்சியமே மறைந்துவிடும். அந்தக் கட்டத்தைப் பார்த்து இலக்கத்தை மின்னஞ்சலில் கொள்வனவாளருக்கு அனுப்பியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அடையாள இலக்கம் கணக்குப் போடுவதற்கான எண் அன்று. கட்டத்தை முதலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அதனை இட வேண்டும்.

கட்டுநாயக்கவில் ஒரு தொழிற்சாலை, பியகமவில் இன்னொன்று, தலைமை அலுவலகம் கொழும்பு 02 இல் என்றிருக்கும் கம்பனி மூன்று அடையாளங்களைப் பெற வேண்டுமா என்று கேட்கிறார்கள். வெளி உறைக்கு, அதாவது ஐ.எஸ்.ஏ. அல்லது யு.என்.பி. வரிக்கு, ஒன்று போதும் என்பதே என் கருத்து. எக்ஸ் 12 இல் உறைக்குள் வரும் ஜி.எஸ். வரியில் பிரிவுக்கென வேறொரு குறியீட்டை இடலாம். எடிஃபெக்டில் ஆவணத்துக்குள்ளேயே வாங்குபவர், வழங்குபவர், பொருள் ஒப்படைக்கும் இடம் ஆகியோரைத் தனித்தனியே குறிப்பிட என்.ஏ.டி. வரிகள் உள்ளன. பொருள் எந்தத் தொழிற்சாலையிலிருந்து புறப்படுகிறது என்பது ஆவணத்தின் உள்ளடக்கம். அதை உறையின் மேல் எழுதுவோமாயின், ஒரு தொழிற்சாலையை மூடும் நாளில் எல்லாக் கொள்வனவாளர்களுடனும் இணைப்பைப் புதிதாக அமைக்க வேண்டிவரும்.

பெறுநர் அடையாளம் நாம் தெரிவுசெய்வதன்று, கேட்டுப் பெறுவது. பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்கள் நாட்டுக்கொன்று, வணிகப் பிரிவுக்கொன்று என்று பல அடையாளங்களை வைத்திருக்கின்றன. சோதனைக்கெனத் தனி அடையாளம் வைத்திருப்பவர்களும் உண்டு. கட்டளை எந்த அடையாளத்திலிருந்து வந்ததோ அதற்கே இன்வொய்ஸையும் திருப்பி அனுப்பினால் போதும் என்று ஊகிப்பது பெரும்பாலும் சரியாக இருக்கும், சில இடங்களில் பிழைக்கும். இன்வொய்ஸை வேறொரு அடையாளத்துக்கு அனுப்பச் சொல்லும் கொள்வனவாளர்கள் இருக்கிறார்கள். எக்ஸ் 12 இல் 856 எனப்படும் கப்பலேற்ற முன்னறிவித்தல் பிழையான பெறுநருக்குப் போனால், 997 எனப்படும் பெறுகை ஒப்புகை திரும்பி வராது. வராததைக் கவனிக்க அலுவலகத்தில் ஓர் ஆள் இல்லையென்றால், கொள்கலன் துறைமுகத்தை விட்டுப் போன பின்னர், முன்னறிவித்தல் கிடைக்கவில்லை என்று கொள்வனவாளர் பணத்தைக் கழித்துக்கொள்ளும்போதுதான் விடயம் வெளிச்சத்துக்கு வரும்.

இடையில் வலையமைப்பு இல்லாமல் இணையம் வழியாக ஏ.எஸ்.2 முறையில் நேரடியாக இணைபவர்கள், அங்கு பயன்படும் பெயர் உறை அடையாளத்திலிருந்து வேறானது என்பதையும், அதில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் நினைவில் கொண்டால் போதும்.

2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களுக்கும் அவற்றின் வழியாக உருவாகும் ஒப்பந்தங்களுக்கும் இந்நாட்டில் சட்ட அங்கீகாரம் தந்திருக்கிறது. ஆகவே, ஒரு கட்டளை யாரிடமிருந்து வந்தது, யாருக்கு வந்தது என்ற தகராறு எழுமானால், உறையின் மேலுள்ள அந்தச் சில எழுத்துகளும் சான்றாக எடுத்துக் காட்டப்படும். வர்த்தகப் பங்காளர்களிடையே எழுதப்படும் ஒப்பந்தத்தில் இரு தரப்பினரின் அடையாளங்களும், அவற்றின் வகைக் குறியீடுகளும், மாற்றுவதாயின் எத்தனை நாள் முன்னறிவித்தல் தர வேண்டும் என்பதும், மாற்றக் காலத்தில் பழையதும் புதியதும் எவ்வளவு காலம் சேர்ந்து இயங்கும் என்பதும் எழுத்தில் இடம்பெற வேண்டும். சேவை வழங்குநருடனான ஒப்பந்தத்திலோ, அடையாளம் வாடிக்கையாளருக்கே உரியது என்ற ஒரு வாசகம் இருந்தாக வேண்டும்.

ஜி.எஸ்.1 லங்காவும் வர்த்தக சம்மேளனங்களும் இவ்விடயங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு கைந்நூலாக வெளியிட்டால், புறக்கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் முதல் வெளிநாட்டுக் கட்டளைக்காகக் காத்திருக்கும் வர்த்தகர்கள் வழங்குநரிடம் என்ன கேட்பது என்று அறிந்து போவார்கள். அதுவரை, தங்கள் வர்த்தகப் பக்கத்தில் இதற்கென ஓர் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.