அயர்லாந்தில், கால்வேயில் இருக்கும் குமாருக்கு

அன்புள்ள குமாருக்கு, அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். அங்கே குளிர் எப்படி? வெளியே போனால் காதை மூடிக்கொள்.

உனக்குப் பதவி உயர்வு என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு தபால்காரர் வரை சொல்லியாகிவிட்டது.

பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் 'பாய்காட்' என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி எழுதிவரச் சொன்னார்களாம். தாத்தா இங்கிலீஷ் வாத்தியார்தானே என்று நோட்டோடு வந்துவிட்டாள். அது உன் ஊருக்குப் பக்கத்தில் நடந்த கதை, தெரியுமா?

சார்லஸ் பாய்காட் என்று ஒரு கேப்டன். கால்வேக்கு வடக்கே மேயோவில், மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட். குத்தகையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள் குடியானவர்கள். பிரபு 10-க்கு மேல் இறங்கவில்லை. கட்டாதவர்களை வெளியேற்ற பாய்காட் நோட்டீஸ் விட்டார். 1880 செப்டம்பர் 19 அன்றுதான் எனிஸ் என்ற ஊரில் நடந்த கூட்டத்தில் குடியானவர் சங்கத் தலைவர் பார்னெல் பேசியிருந்தார். அடுத்தவனை விரட்டிய நிலத்தை எடுத்துக்கொள்கிறவனை என்ன செய்யலாம் என்று கேட்டார். 'சுடுவோம்' என்று சத்தம் வந்தது. அதெல்லாம் வேண்டாம், தெருவில், கடையில், சந்தையில், கோயிலில்கூட அவனோடு பேசாதீர்கள் என்றார். ஜனங்கள் அதை ஏஜென்ட்டிடமே காட்டிவிட்டார்கள். வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்கவில்லை. துணி வெளுக்கிற அம்மாவும் வரவில்லை. கிழங்கு எடுக்க வடக்கேயிருந்து 50 பேர் வந்தார்கள், அவர்களுக்குக் காவலாகப் பட்டாளம். 500 பவுன் விளைச்சலுக்கு 10,000 பவுன் செலவு என்று அப்போதே கணக்குச் சொன்னார்களாம்! டிசம்பர் பிறந்ததும் மனிதர் நாட்டை விட்டே போய்விட்டார்.

இதற்கு இருந்த பெரிய இங்கிலீஷ் சொல் குடியானவர்கள் வாயில் நுழையாது என்று அந்த ஊர் ஓமாலி பாதிரியார் பாய்காட்டின் பெயரையே வினைச்சொல் ஆக்கினார். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட அது போய் உட்கார்ந்துவிட்டது.

செயப்படுபொருள் குன்றாத வினை, யாரை அல்லது எதை என்று சொல்லியாக வேண்டும். கடையை, தேர்தலை, கூட்டத்தை என்று பாப்பாவுக்கு உதாரணம் கொடுத்தேன். இத்தனை வருஷம் பாடம் நடத்தியும், கூடப் பிறந்தவர்களை வைத்து ஒரு வாக்கியம் நான் எழுதியதில்லை.

அக்கா உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிணற்றடி வேலி இப்போதைக்கு வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார்.

பாப்பாவுக்குத் தையில் சடங்கு வைக்கிறார்கள். தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவது என்று பந்தல்காரர்கூடக் கேட்டுவிட்டார். உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகுமாமே. குளிரில் அலையாதே, காதை மூடிக்கொள்.

அப்புறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்த ஏரியைப் படம் எடுத்து அனுப்பு. பாப்பா நோட்டில் ஒட்ட வேண்டுமாம். எனக்கு அனுப்பாதே, என் போனில் படம் சரியாகத் தெரியாது. அவளுக்குத் தனி போன் கிடையாது, அவள் அம்மா நம்பருக்கே அனுப்பிவிடு.

அப்பா