கிரவல் அகழ்வுக்கு முன் மேல்மண்ணைச் சோதிக்கக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

பிரதிகள்: தொல்பொருள் திணைக்களம், புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம், பிரதேச செயலாளர்கள்

விடயம்: கிரவல் வெட்டும் நிலங்களில் கற்காலக் கருவிகளையும் ஆதி வேளாண்மைச் சான்றுகளையும் காத்தல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

குச்சவெளி, மொறவெவ, தம்பலகாமம், மூதூர், சேருவில, வெருகல் எனப் பல பிரதேச செயலகப் பிரிவுகளில் வீதிக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் குளக்கட்டுக்கும் கிரவல் (சரளை மண்) தேவைப்படுகிறது. வெட்ட வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. பெக்கோ எனும் மண் தோண்டும் இயந்திரம் இறங்குவதற்கு முன் அந்த நிலத்தின் மேல்மண்ணை விடயம் தெரிந்த ஒருவர் சோதிக்க வேண்டும், அதற்கு அனுமதிப்பத்திர நடைமுறையில் இடம் ஒதுக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

இலங்கையின் வறண்ட வலயத் தாழ்நிலங்களில் அடியில் கிரவலும் அதன்மேல் செம்மணலுமாகப் படிந்த பழைய அடுக்குகள் உண்டு. வடக்கே கிளிநொச்சிக்கு அருகிலுள்ள இரணைமடுப் பகுதியை வைத்து அவற்றுக்கு ‘இரணைமடு படிவு’ என்று பெயர். தென்கரையில் புந்தல, பத்திராஜவெல ஆகிய இடங்களில் இத்தகைய படிவுகளில் கிடைத்த கருவிகள் சுமார் 1,25,000 ஆண்டுகள் பழமையானவை எனத் தொல்லியலாளர் கலாநிதி சிரான் தெரணியகல கணித்தார். கிரவல் குழியும் கல்லாயுதமும் சேர்ந்தே வருவது புதிய செய்தியல்ல. 1863இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் புவியியலாளர் றொபேட் புரூஸ் பூட் எடுத்த கற்கருவியும் இப்படியொரு குழியிலிருந்து வந்ததுதான். எமது மாவட்டத்தில் படிகக்கல்லுக்கும் (குவார்ட்ஸ்) அதன் மணிகள் இறுகி உருவான குவார்ட்சைட் பாறைக்கும் குறைவில்லை. கருவி செய்யக் கல் தேடி எவரும் தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

ஆனால் எமது பெரிய கவலை கிரவலைப் பற்றியதல்ல, அதன்மேல் கிடக்கும் மண்ணைப் பற்றியது. வேட்டையாடியும் கிழங்கு, பழம், தேன் சேகரித்தும் வாழ்ந்தவர்களின் நுண்கற்கருவிகள் இந்நாட்டில் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே பாகியன்லென குகையில் காணப்படுகின்றன. மறுமுனையில், அனுராதபுரத்தில் கி.மு. 900 அளவில் இரும்பும் நெல்லும் மாடும் ஒன்றாக வந்துவிடுகின்றன. வெருகலைத் தாண்டியதும் வரும் கதிரவெளியின் பெருங்கற்கால ஈமக்கற்களும் இரும்பு அறிந்த மக்களுடையவைதான். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? தென்னிந்தியாவில் தீட்டிய கற்கோடரியும் கொள்ளும் பச்சைப்பயறும் கால்நடையும் கொண்ட புதிய கற்காலம் தெளிவாக இருக்கிறது. இலங்கையில் அப்படியொரு கட்டம் இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. மத்திய மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணில் கிடைத்த மகரந்தத்தை வைத்து, 10,000 ஆண்டுகளுக்கும் முன்பே வாற்கோதுமையும் ஓட்ஸும் பேணி வளர்க்கப்பட்டன என்றொரு வாதம் உண்டு. காட்டுப் புல்லின் மகரந்தத்தையும் பயிரின் மகரந்தத்தையும் பிரித்தறிவது கடினம் என்பதால் அந்த வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. சான்று எங்காவது எஞ்சியிருந்தால், அது கிரவலுக்கு மேலே உள்ள மெல்லிய மண்ணடுக்கில்தான் பெரும்பாலும் இருக்கும். கிரவல் வெட்டுபவர் முதலில் வழித்து ஒதுக்குவதும் அதே மண்ணைத்தான். அவருக்கு அது கழிவு.

படிகக்கல் கருவியை அடையாளம் காண்பது சற்றுச் சிக்கலான வேலை. செர்ட் எனும் நுண்மணிக் கடினக் கல்லில் அடி விழுந்த இடத்தில் ஒரு சிறு குமிழும் அதிலிருந்து பரவும் அலைக்கோடுகளும் தெளிவாகத் தெரியும். படிகக்கல் அப்படிச் சீராக உடையாது, நொறுங்கும். அதனால் குமிழை மட்டும் தேடுபவர் பாதிக் கருவிகளை வீசிவிடுவார். பெக்கோவின் பல் பட்டு உடைந்த கல்லும் கூரிய விளிம்புடன் கருவி போலவே இருக்கும். ஆனால் அந்த உடைவு வெள்ளையாக, பளிச்சென்று புதிதாக இருக்கும். பழைய உடைவில் இரும்புக் கறை ஏறிச் செம்மஞ்சளாகியிருக்கும். ஆற்றில் உருண்ட கல்லானால் விளிம்பும் மழுங்கியிருக்கும். பிறை வடிவ நுண்கருவியில் ஐயத்துக்கு இடமில்லை. வளைந்த முதுகு முழுவதும் மிகச் சிறிய செதில்கள் அடுத்தடுத்து எடுக்கப்பட்டு வேண்டுமென்றே மழுக்கப்பட்டிருக்கும்; நேரான விளிம்பு சவரக் கூர்மையுடன் அப்படியே விடப்பட்டிருக்கும். மழுக்கிய பக்கம் தண்டில் பிசின் வைத்துப் பதிப்பதற்கு, கூரிய பக்கம் வெட்டுவதற்கு. நீளம் 4 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். அதைச் செய்தபோது தெறித்த சிம்புகள் இன்னும் சிறியவை. மேசன்மார் மணல் அரிக்கும் அரிதட்டில் அவை எல்லாம் கீழே போய்விடும். 2 மில்லிமீற்றர் கண் உள்ள அரிதட்டில் தண்ணீர் விட்டு அரிக்க வேண்டும்.

பயிர்ச்செய்கையின் தடயம் அதனிலும் நுண்ணியது. அம்மி போன்ற அரைகற்களும், நடுவில் குழி விழுந்த குத்துகற்களும் கிடைத்தால் மக்கள் நல்லெண்ணத்துடன் கழுவித் துடைத்து வைக்கிறார்கள். கல்லின் துளைகளில் ஒட்டியிருக்கும் மாப்பொருள் துகள்கள்தான் அதில் அரைத்தது கிழங்கா தானியமா என்று சொல்லக்கூடியவை. கழுவினால் அவை போய்விடும். அரைகல் இருந்தாலே வேளாண்மை என்றும் கொள்ள முடியாது, வேட்டுவரும் காட்டுக் கொட்டைகளை உடைத்து அரைத்தனர்.

விதைகளுக்கு, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் 20 லீற்றர் மண் எடுத்து பீப்பாய்த் தண்ணீரில் மெதுவாகக் கலக்கி, மிதந்து வரும் கரியையும் கருகிய விதைகளையும் 0.3 மில்லிமீற்றர் வலையில் பிடித்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் கருகிய விதை வெடித்துத் தூளாகும். நெல்மணி காம்பிலிருந்து பிரிந்த அடித்தழும்பை உருப்பெருக்கியில் பார்த்தால், தானாக உதிரும் காட்டு நெல்லில் அது வழுவழுப்பாக இருக்கும். அடித்துப் பிரித்த பயிர்நெல்லில் கிழிந்து சொரசொரப்பாக இருக்கும். இந்த ஒரு வேறுபாடு ஒரு குவியல் மட்பாண்ட ஓட்டைவிட அதிகம் சொல்லும்.

ஆழத்தை மட்டும் நம்பவும் முடியாது. வறண்ட வலய மண்ணில் கறையான் அடிமண்ணை மேலே கொண்டுவரக் கற்கள் காலப்போக்கில் கீழிறங்கிவிடும். ஆகவே பக்கத்தில் கிடந்த கரித்துண்டுக்கு அல்லாமல் விதைக்கே கதிரியக்கக் காபன் காலக்கணிப்புச் செய்வது நல்லது. வீதியோரக் கிரவலில் கிடைக்கும் கருவியும் பயன் தராது. எந்தக் குழியிலிருந்து டிப்பர் ஏற்றி வந்தது என்று யாருக்கும் தெரியாது.

செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. அரை ஏக்கர் நிலத்துக்கு 1 மீற்றர் சதுரச் சோதனைக் குழி 4 போதும். 10 சென்ரிமீற்றர் அடுக்குகளாகக் கிரவல் வரை இறங்கி, அடுக்குக்கொரு பையில் இலக்கமிட்டு, கைபேசியில் இட அமைவைப் பதிந்து, அளவுகோல் வைத்துப் படமெடுத்தால் தொடக்கத்துக்கு அது போதும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி இத்தகைய அகழ்வைச் செய்ய இயலாது. எனவேதான் இதை ஆர்வலர்களிடம் விடாமல் திணைக்களத்தின் மேற்பார்வையில் நடத்தக் கேட்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இம்மாவட்டத்தில் தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே காணி பறிபோகும் என்று விவசாயிகள் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் இருக்கும்வரை கண்டெடுத்த கல் வாய்க்காலுக்குள்தான் போகும். இந்தக் கருவிகள் இன்றுள்ள எந்தச் சமயத்துக்கும் முந்தியவை. இவற்றை வைத்து எவருக்கும் உரிமை கோர முடியாது. சோதனைக் குழியை மூடியபின் நிலம் பழையபடி பயிருக்கு உதவும். இதை எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும், கிராம உத்தியோகத்தர்கள் ஊடாகத் தாங்கள் உறுதிப்படுத்த வேண்டும். வெருகல், மூதூர்ப் பக்கத்து வேடர் சமூகத்தவரிடம் தகவல் கேட்பதாயின் அவர்களைக் கற்காலத்தின் எச்சம் போல நடத்தாமல், காட்டையும் கடலையும் சேனையையும் அறிந்தவர்களாக மதித்துக் கேட்க வேண்டும் என்பதும் எமது வேண்டுகோள்.

ஆகவே, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் வரும் கிரவல் விண்ணப்பங்களில் பிரதேச செயலகத்தின் இணக்கம் கோரப்படும்போது மேல்மண் சோதனை அறிக்கையையும் கேட்குமாறு பணிக்க வேண்டுகிறோம். வழித்த மேல்மண்ணைக் கிரவலுடன் கலக்காமல் தனியே குவித்து வைக்க நிபந்தனை இடவும் வேண்டும். குழியை மூட அதே மண் தேவைப்படுவதால் உரிமையாளருக்கும் இதில் நட்டமில்லை. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஓர் உத்தியோகத்தருக்கு இரண்டு நாள் பயிற்சியும், மேலே சொன்ன கண் அளவுள்ள அரிதட்டும் வலையும் ஒவ்வொன்று வழங்கினால் நல்லது. கருவிகளைக் கொழும்புக்கு அனுப்பினாலும் அவற்றின் பட்டியலும் படங்களும் திருகோணமலையிலும் இருக்கட்டும்.

அடுத்த மாரிக்கு முன் கிரவல் வேலைகள் மும்முரமாகும். அதற்கு முன்னர் வரும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இம்மனுவைச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
கீழே ஒப்பமிட்டுள்ள ஆசிரியர்கள், தொல்லியல் பட்டதாரிகள், விவசாயிகள்
திருகோணமலை