650 கிலோ இரும்பைக் கொல்லை வரை கொண்டுவந்தவர்களுக்கு

எங்கள் தெருவில் இருக்கும் அத்தனை பேருக்கும், கோயம்புத்தூர் ஐயாவுக்கும், லாரி ஓட்டிவந்த அண்ணனுக்கும், கடைசியாக மெயின் சுவிட்சைப் போட்டவருக்கும் வணக்கம்.

தை மாதம் மூன்றாம் ஞாயிறு விடியுமுன் தொடங்கிய வேலை, விளக்கு வைக்கும் நேரத்தில்தான் முடிந்தது. அன்றைக்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நன்றி சொல்லியிருக்க வேண்டும். மூன்று வீடு போனேன். நாலாவது வீட்டில் பேச்சு வரவில்லை, திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் உண்டு. தெருமுனையில் நடந்தது கொல்லையில் நின்றவர்களுக்குத் தெரியாது. "நான் என்ன பண்ணேன், சும்மா கூட நின்னேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறைய. அவர்கள் செய்தது என்ன என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

வந்தது ஒரு திக்னஸ் மிஷின். 18 அங்குல அகலம் வரை பலகை இழைக்கும். பழையது, முழுக்க வார்ப்பிரும்பு, எடை 650 கிலோ. பலகையை ஒரு பக்கம் கொடுத்தால் உருளைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும், மேலே சுற்றும் பிளேடுகள் சீவும், மறுபக்கம் முழுப் பலகையும் ஒரே கனத்தில் வெளியே வரும். இதே வேலையை அப்பா நாற்பது வருஷம் இழைப்புளி பிடித்துக் கையால் செய்தார். ஒரு இரட்டைக் கதவுக்குத் தேக்குப் பலகை இழைத்து எடுக்கவே அவருக்கு இரண்டு நாள் போகும். அந்த வலது தோள் இப்போது மேலே எழும்புவதில்லை. சட்டை போடும்போது அம்மா கையைப் பிடித்து உள்ளே விடுகிறார். போன வருஷம் எனக்கும் அதே தோளில் வலி ஆரம்பித்தபோது, "என்னை மாதிரி ஆயிடாதே, மிஷின் வாங்கு" என்று அப்பாதான் சொன்னார். அவர் சொல்லி நான் கேட்ட முதல் பெரிய செலவு இது.

கோயம்புத்தூர் ஐயாவிடமிருந்து தொடங்குகிறேன். தொழிலை நிறுத்திக்கொள்பவர், மிஷினை விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அரை நாள் செலவு செய்து அதைப் பயணத்துக்குத் தயார் பண்ணினார். டேபிளுக்கும் மேல் தலைக்கும் நடுவில் மரக்கட்டைகளை வைத்து இறுக்கினார். வழியில் லாரி குதித்தாலும் அதிர்ச்சி கட்டையில் இறங்கும், டேபிளைத் தாங்கும் திருகுக் கம்பிகளில் இறங்காது. டேபிள் முழுக்கக் கிரீஸ் தடவிப் பாலித்தீன் தாள் ஒட்டினார். கைச்சக்கரத்தைக் கழற்றி, அதன் போல்ட்டுகளைப் பால் கவரில் போட்டு முடிந்து கொடுத்தார். கடைசியில் சாக்பீஸ் எடுத்து, இரும்பின் அடிப்பாகத்தில் நான்கு இடத்தில் அம்புக்குறி போட்டார். "கயிறு இங்க மட்டும்தான் போடோணும் கண்ணு. உருளையில போட்டுத் தூக்கிராதீங்க. வார்ப்பிரும்பு வளையாதுங்க, ஒடஞ்சுதான் போகும்" என்றார். ஐயா, அந்த நான்கு அம்புக்குறிகளில்தான் கயிறு போட்டோம். வேறெங்கும் போடவில்லை.

300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, விடியற்காலை நாலே முக்காலுக்கு லாரி தெருமுனையில் வந்து நின்றது. பதிவு செய்யும்போது "வீட்டு வாசலிலேயே இறக்கிக் கொடுத்துவிடுவோம்" என்றுதான் சொல்லியிருந்தார்கள். போன் செய்தால், இறக்குவது உங்கள் பொறுப்பு என்கிறார்கள். லாரி எங்கள் தெருவுக்குள் நுழையாது. கிரேன் கூப்பிடலாம் என்றால், தெருவில் மின்கம்பிகள் அவ்வளவு தாழ்வு. ஓட்டுநர் அண்ணன் நாகப்பட்டினத்தில் இன்னொரு சரக்கு இறக்க வேண்டியவர். இறக்கிப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று அவர் நினைத்திருந்தால், ரோட்டோரத்தில் கடப்பாரை போட்டுத் தள்ளிவிட்டுப் போயிருக்க முடியும். "ஆள் வரட்டும் தம்பி, நான் இருக்கேன்" என்று சொல்லி மூன்று மணி நேரம் நின்றார். நாங்கள் கொடுத்த டீக்குக்கூடக் காசு எடுத்து நீட்டினார். அண்ணே, நீங்கள் மறுபடி இந்தப் பக்கம் வந்தால் சாப்பிடாமல் போகக் கூடாது.

அடுத்தது போர்வெல் மோட்டார் தூக்கும் தம்பி. ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற வழியில் கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். அவர் குட்டியானையில் 15 அடி நீளத்தில் மூன்று இரும்புக் கால்களும் சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் ஒரு செயின் பிளாக்கும் இருந்தன. நீர்மூழ்கி மோட்டாரையும் பைப்புகளையும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தூக்குகிற அதே முக்காலி. எங்களில் யாருக்கும் தோன்றாத ஒன்றை அவர் சொன்னார்: "மிஷினை லாரியிலேர்ந்து இறக்க வேண்டாம்ணே. மிஷின் அப்படியே நிக்கட்டும், லாரியை நகத்திடலாம்."

இரண்டு கால்களை லாரியின் இரண்டு பக்கமும், மூன்றாவதைப் பின்னாலும் ஊன்றினார். தார் ரோட்டில் கால்கள் விரிந்துவிடாமல் இருக்க மூன்றையும் சுற்றிச் சங்கிலி போட்டார். கயிறு கட்டி, செயினை இழுத்து, ஒரு விரற்கடை உயரம்தான் தூக்கியிருப்பார். அதோடு நிறுத்திவிட்டார். ஒரு நிமிஷம் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். கூட்டம் மூச்சு விடவில்லை. பிறகு இன்னும் ஒரு சாண் தூக்கி, லாரி அண்ணனுக்குக் கை காட்டினார். லாரி மெதுவாக முன்னால் போனது. 650 கிலோ அந்தரத்தில் நின்றது. அதன் கீழே, மிஷினை ஏற்றி உருட்டிப் போக நாங்கள் செய்துவைத்திருந்த சட்டத்தை வைத்து, பூனைக்குட்டியை இறக்குவது போல இறக்கினார். தம்பி, அன்றைக்கு உன்னுடைய ஒரு வேலை தாமதமானது எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர் தண்ணீர் இல்லாமல் காத்திருந்தார். அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

சட்டத்துக்குக் கீழே போட ஆறு ஜிஐ பைப் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. இரும்புக்கடை முதலாளி சாவியைப் பையனிடம் கொடுத்து, "வேணுங்கிறதை எடுத்துக்கச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார். கணக்கும் எழுதவில்லை.

இப்போது முட்டுக்கட்டை மாமாவைப் பற்றி. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

திருவாரூர்க்காரர்களுக்கு ஆழித்தேரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் ஐயாவுக்காகச் சொல்கிறேன். அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. இப்போது இரும்புச் சக்கரம், திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் உண்டு. ஆனாலும் வீதி முனையில் தேரைத் திருப்புவது, ஓடுகிற சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிற ஆட்கள்தான். கட்டையை எந்தச் சாய்வில், எந்த நொடியில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தேர் திரும்பும். தலைக்கு மேலே 300 டன் அசைந்து வரும்போது குனிந்து அந்தக் கட்டையை வைத்துப் பழகியவர் மாமா. அன்று காலை, யாரும் கூப்பிடாமலே, இரண்டு கையிலும் புளியங்கட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

தெருமுனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு 60 மீட்டர் இருக்கும். சமமாகத் தெரிகிற தெரு, உண்மையில் குளத்துப் பக்கம் சரிவு. மேலே தள்ளுவதைவிடச் சரிவில் இறக்குவதுதான் ஆபத்து என்று மாமா சொன்ன பிறகுதான் உறைத்தது. பின்னால் வடத்தைக் கட்டி நாலு பேரை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். முன்னால் அவர். "என் கட்டையைப் பாருங்க. அது நகர்ந்தா நீங்க தள்ளுங்க. அது நிக்குதுன்னா நீங்களும் நில்லுங்க. அவ்வளவுதான்" என்றார். திரும்ப வேண்டிய இடத்தில் முன் பைப்பைக் காலால் ஒரு தட்டு தட்டிச் சாய்த்துவிட்டார். மிஷின் தானாக அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பியது. தேரைத் திருப்புகிற அதே கணக்கு.

சாக்கடை சிலாப்புக்குப் பக்கத்தில்தான் அது நடந்தது. இடது பக்கப் பைப் முனை சிலாப் இடுக்கில் இறங்கியது. மிஷின் நாலு விரல் சாய்ந்தது. தலைப்பக்கம் கனமான மிஷின் அது. சாய ஆரம்பித்தால் சாய்ந்துகொண்டேதான் போகும். காலேஜ் பையன்கள் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க ஓடினார்கள். "கையை எடுங்கடா!" என்று மாமா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பையன்கள் துள்ளி விலகினார்கள். மாமா மண்டியிட்டு, ஒரு கட்டையைச் சட்டத்தின் அடியில் செருகி, இன்னொரு கட்டையால் அதை ஒரே அடி அடித்தார். மிஷின் நின்றது. அவர் விரலுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே பையன்களிடம் சொன்னார்: "சாயற இரும்பை மனுஷன் தாங்க முடியாது. ஒதுங்கத்தான் முடியும். போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்க."

மாமா, அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் அன்று தெருவில் இல்லை. அவர்கள் சார்பிலும் நானே சொல்கிறேன். நீங்கள் காப்பாற்றிய இரும்புக்காக அல்ல, அந்த நான்கு கைகளுக்காக உங்களுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவன்.

எங்கள் வீட்டுச் சந்து மூன்றரை அடி. மிஷினும் கிட்டத்தட்ட அவ்வளவே. பக்கத்து வீட்டு அத்தையிடம் கேட்கவே தயங்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவரே அரிவாளோடு நின்று, கீற்று வேலியின் கட்டுகளை அறுத்துக்கொண்டிருக்கிறார். எட்டடி வேலி போய்விட்டது. குலை தள்ளிய ஒரு வாழை வழியில் சாய்ந்திருந்தது. அதற்கு முட்டுக் கொடுத்துக் கயிற்றால் ஒதுக்கிக் கட்டினார். "வேலியை அப்புறம் கட்டிக்கலாம். மாடு வந்தா நான் பாத்துக்கறேன், நீ உன் வேலையைப் பாரு" என்றார். அத்தை, வேலியை இந்த வாரம் கட்டிவிடுகிறேன். மூங்கில் புதுசு.

கொல்லை முழுக்க வண்டல் களிமண். பைப் உருளாது, புதைந்துவிடும். டிராக்டர்கார அண்ணன், அறுவடை உச்சத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை போன் வருமோ அத்தனையையும் அணைத்துவிட்டு, வரப்பு ஏற்றுவதற்கு வைத்திருக்கும் கனத்த பலகைகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார். பின்பலகையை எடுத்து முன்னால் போட்டு, பின்பைப்பை எடுத்து முன்னால் கொடுத்து, அந்தக் கடைசி 12 மீட்டருக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது.

கொட்டகையின் தளத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அது ஐந்து வாரத்துக்கு முன்பே போட்டது, அதனால் யாரும் நினைக்கவில்லை. இந்த மண் வெயிலில் வெடிக்கும், மழையில் ஊதும். மணல் பரப்பி, கம்பி கட்டி, ஆறு அங்குலம் கான்கிரீட் போட்டோம். அதில் சித்தாளாக வந்த அக்கா, "சீக்கிரம் காயட்டும்" என்று நான் சொன்னதைக் கேட்கவே இல்லை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். 21 நாள். கூலி கொடுத்தது மூன்று நாளுக்குத்தான். மிஷினை நிறுத்திய பிறகு ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்தோம், குறுக்கே வைத்தோம். இரண்டு முறையும் குமிழி நடுவில் நின்றது. ஒரு தகடுகூடக் கீழே செருக வேண்டியிருக்கவில்லை. அக்கா, அது உங்கள் தண்ணீர்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். 5 எச்.பி. மோட்டார், மூன்று பேஸ். நான் நேராகச் சுவிட்சைப் போடப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்து, முதலில் பெல்ட்டைக் கழற்றினார். வெறும் மோட்டாரை மட்டும் ஒரு நொடி ஓட்டினார். தலைகீழாகச் சுற்றியது. மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றினார்; சரியாகச் சுற்றியது. அதன் பிறகுதான் பெல்ட்டை மாட்டினார். ஐந்து நிமிஷ வேலை. அவர் இல்லாமல் நான் போட்டிருந்தால் பிளேடு எந்தப் பக்கம் சுற்றியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

முதல் பலகையை அப்பாதான் கொடுத்தார்.  பத்து அங்குலத் தேக்கு. காந்தத்தை வைத்துத் தடவி ஆணி இல்லை என்று பார்த்துவிட்டு, இடது கையால் உள்ளே தள்ளினார். மறுபக்கம் வந்த பலகையில் உள்ளங்கையை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொண்டுபோனார். பிறகு குனிந்து, கீழே விழுந்ததை அள்ளினார். இழைப்புளியில் வருவது போலச் சுருள் இல்லை, வெறும் துகள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "வாசனை அதேதான்" என்றார்.

மழைக்கு ஊதிய கதவு, ஆடுகிற நாற்காலி, இழைக்க வேண்டிய பலகை எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். எங்கள் தெருவுக்கு அந்த மிஷினில் கூலி கிடையாது. இது அப்பா சொல்லி எழுதுவது.

முட்டுக்கட்டை மாமா, உங்கள் கட்டைகளில் ஒன்று இன்னும் மிஷின் பக்கத்தில் இருக்கிறது. ஒரு முனை கொஞ்சம் சிதைந்திருக்கிறது, சீவிச் சரிபண்ணுகிறேன். பங்குனித் தேருக்கு முன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
தச்சர் வீட்டு மகன்,
திருவாரூர்.