செயலாளரின் ஆண்டறிக்கை: ‘ஸ்டார் டிரெக்’ தயாரிப்பு குறித்த ஓராண்டு ஆய்வு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வட்டத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி இவ்வாண்டு ஒரே தொடரை எடுத்துக்கொண்டு அதன் தயாரிப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தோம். 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் மூன்று பருவங்களாக, 79 எபிசோடுகளாக வந்த முதல் ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளி அறிவியல் புனைகதைத் தொடர் அது. கதையின் தத்துவம், நாயகனான விண்கலத் தலைவர் கேப்டன் கிர்க்கின் காதல்கள் ஆகியவை விவாதத்துக்கு வெளியே என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டதால் மற்றக் கூட்டங்கள் நேரத்துக்கு முடிந்தன.

பட்ஜெட் பற்றாக்குறையே இந்தத் தொடரின் தோற்றத்தை உருவாக்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். நமது வட்டத்தின் முடிவு சற்று வேறு. பணத்தைவிடப் பெரிய நெருக்கடி ஆப்டிகல் வேலைக்கான, அதாவது தனித்தனியாக எடுத்த ஷாட்டுகளை லேபில் ஒரே ஃபிலிமில் சேர்க்கும் வேலைக்கான, நேரம். முதல் பருவத்தில் ஒரு எபிசோடுக்குச் சுமார் 1,90,000 டாலர் இருந்தது. அன்றைய தொலைக்காட்சிக்கு அது சிறிய தொகையல்ல. படப்பிடிப்புக்கு ஆறு நாள். ஆனால் விண்கலம் பறப்பது, ஆள் மறைவது, துப்பாக்கிக் கதிர் பாய்வது எல்லாம் படப்பிடிப்பு முடிந்தபின் எஃபெக்ட்ஸ் கம்பெனிக்குப் போய் வரவேண்டியவை. அங்கே வேலை வாரக்கணக்கில் தேங்கியது. ஒளிபரப்பு நாளோ தள்ளிப்போகாது. ஹோவர்ட் ஆண்டர்சன் கம்பெனி ஒன்றால் மட்டும் சமாளிக்க முடியாமல், லின்வுட் டன்னின் ஃபிலிம் எஃபெக்ட்ஸ் ஆஃப் ஹாலிவுட், வெஸ்ட்ஹைமர், வான் டெர் வீர் ஆகிய நிறுவனங்களுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளைக் கவனிக்க எட்வர்ட் மில்கிஸ் அமர்த்தப்பட்டார். அப்படியும் கையிருப்பு எபிசோடுகள் தீரும் நிலை வந்தது. அதற்குக் கண்ட வழிதான் 1966 நவம்பரில் வந்த ‘தி மெனாஜரி’ இரு பாகக் கதை: என்.பி.சி. நிராகரித்திருந்த முதல் பைலட் (தொடருக்கான மாதிரி) படமான ‘தி கேஜ்’ காட்சிகளை ஒரு விசாரணைக்குள் பொதித்து, இரண்டு வாரத்தை ஓட்டிவிட்டார்கள். ஆறு லட்சம் டாலருக்கு மேல் விழுங்கிய பைலட், கடைசியில் தன் கடனைத் தீர்த்தது என்று சொல்லலாம்.

எனவே தயாரிப்புக் குழுவின் எழுதப்படாத விதி இதுதான்: கேமரா முன்னாலேயே முடிக்கக்கூடியதை லேபுக்கு அனுப்பாதே. இவ்வாண்டுக் கூட்டங்களில் நாம் பார்த்த பெரும்பாலான உத்திகள் இந்த விதியில் அடங்கும்.

முதலில் விண்கல மாடல். ஆர்ட் டைரக்டர் மேட் ஜெஃப்ரீஸ் வரைந்த, கதையின் விண்கலமான எண்டர்பிரைஸின் பெரிய மாடல் ஏறக்குறைய 11 அடி நீளம், 200 பவுண்டு எடை. ரிச்சர்ட் டேடின் பொறுப்பில், பர்பாங்கிலிருந்த பட்டறை ஒன்றில் மரம், பிளைவுட், உலோகத் தகடு, பிளாஸ்டிக் கொண்டு செய்யப்பட்டு 1964 டிசம்பர் கடைசியில் ஒப்படைக்கப்பட்டது. அவ்வளவு கனமான பொருளை நகர்த்தினால் அதிரும். ஆகவே மாடலைத் தாங்கியில் நிறுத்திவிட்டுக் கேமராவைத்தான் டிராலியில் நகர்த்தினார்கள். பின்னர் உள்ளே விளக்குகள் பொருத்தியபோது ஒயர்கள் எல்லாம் இடப்பக்க உடல் வழியாக நுழைந்தன; அந்தப் பக்கம் முழுமையாக முடிக்கப்படவே இல்லை. கப்பல் பெரும்பாலும் வலப்பக்கத்தையே நமக்குக் காட்டியதற்குக் காரணம் அதுதான். எதிர்ப்பக்கம் தேவைப்பட்டால், எழுத்துகளைக் கண்ணாடி பிம்பமாக அச்சிட்டு மாடலில் ஒட்டி, படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டார்கள்.

நீலத் திரைக்கு முன் எடுத்த மாடல் ஷாட்டிலிருந்து மாஸ்க் (கப்பலின் உருவ அளவுக்கான மறைப்பு) தயாரித்து, நட்சத்திரப் பின்னணியோடு, ஷாட்டுகளை ஒன்றாகப் பிரதியெடுக்கும் ஆப்டிகல் பிரிண்டரில் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் ஃபிலிமின் மணித்துகள் கூடிப் படம் சொரசொரப்பாகும். மாஸ்க் துளி நழுவினாலும் கப்பலைச் சுற்றிக் கோடு தெரியும். சாம்பல் நிற உடலில் நீலம் பிரதிபலித்தால் அந்த இடம் ஓட்டையாகிவிடும். இத்தனை தொல்லை இருப்பதால் சரியாக வந்த ஒரு ஷாட்டை விடமாட்டார்கள். திரும்பத் திரும்பப் போடுவார்கள். பைலட் காலத்தில் எடுத்துவைத்த பழைய ஷாட்டுகளும் கலந்ததால், எஞ்சின் குழல்களின் முன் குமிழ் ஒரு ஷாட்டில் கூர்முனையோடு இருளாகவும், அதே எபிசோடின் அடுத்த ஷாட்டில் சுழலும் ஒளியோடும் இருக்கும். இதைக் கண்டுபிடிப்பதே சில உறுப்பினர்களுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. 1967 அக்டோபரில் வந்த ‘தி டூம்ஸ்டே மெஷின்’ கதைக்கு இன்னொரு கப்பல் தேவைப்பட்டபோது, கடையில் விற்ற ஏ.எம்.டி. பிளாஸ்டிக் மாடலை வாங்கிச் சிதைத்து, எண்டர்பிரைஸின் 1701 என்ற எண் ஸ்டிக்கரை இடம்மாற்றி 1017 ஆக்கினார்கள். பெரிய மாடல் இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தில், 2016இல் முடிந்த சீரமைப்புக்குப்பின் காட்சிக்கு உள்ளது.

அடுத்து, ஆளை மறைத்து இன்னோரிடத்தில் தோன்றவைக்கும் டிரான்ஸ்போர்ட்டர். வாரந்தோறும் ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது. சிறு இறங்குகலமும் தொடக்கத்தில் கையில் இல்லை. (ஏ.எம்.டி. நிறுவனம் மாடல் விற்பனை உரிமைக்கு ஈடாக முழு அளவுக் கலத்தின் செலவை ஏற்றுக்கொண்ட பிறகுதான் 1967 ஜனவரியில் ‘தி கலிலியோ செவன்’ வந்தது.) டிரான்ஸ்போர்ட்டரும் ஆப்டிகல் வேலைதான், ஆனால் இறக்கும் காட்சியைவிட மிகச் சிறிய வேலை. மினுமினுப்பை ஒருமுறை எடுத்துவைத்தால் எந்த எபிசோடிலும் பயன்படும்.

செய்முறை இது. கேமராவை அசையாமல் பூட்டி, நடிகர் மேடையில் நிற்பதை எடுக்கவேண்டும். அவர் விலகியபின் வெற்று மேடையை அதே ஒளியில் எடுக்கவேண்டும். நடிகரின் உருவத்துக்கு மாஸ்க் போட்டு, அதற்குள் மட்டும் மினுமினுப்பை ஏற்றி, அது உச்சத்தில் இருக்கும்போது முதல் ஷாட்டைக் கரைத்து இரண்டாவதைக் கொண்டுவரவேண்டும். மினுமினுப்பு என்பது அலுமினியத் துகள். கறுப்புப் பின்னணிக்கு முன், பலமான விளக்கொளியில் துகளைக் கொட்டி, தலைகீழாக வைத்த கேமராவால் மெதுவோட்டத்தில் எடுத்தார் ஆண்டர்சன் கம்பெனியின் டாரெல் ஆண்டர்சன். இரண்டு ஷாட்டுக்கு நடுவே கேமரா மயிரிழை அசைந்தாலும் பின்னணி துள்ளும். நடிகர் தோளைச் சாய்த்தாலும் மாஸ்க்குக்கு வெளியே போய்விடுவார்.

இதைச் செல்பேசியில் செய்துபார்க்க விரும்புவோருக்காகச் செய்முறைக் கூட்டத்தின் குறிப்புகளைப் பதிகிறேன். அலுமினியப் பொடி வேண்டாம்; நுண்தூள் நுரையீரலுக்குக் கெடுதி, காற்றில் பரவினால் தீப்பற்றும். பொடி ஜிகினா போதும். டீ வடிகட்டியில் போட்டுத் தட்டினால் சீராக விழும். கறுப்பு வெல்வெட் துணியைக் குறைந்தது ஆறடி பின்னால் தொங்கவிடுங்கள். விளக்கு துணிமேல் படாமல் பக்கவாட்டிலிருந்து, சற்றுப் பின்னாலிருந்து வரட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். துகள் விழும் இடத்தில் ஒரு குச்சியைப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டுக் குச்சியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் செல்பேசி ஃபோகஸைத் தேடிக்கொண்டே இருக்கும். விநாடிக்கு 240 ஃபிரேமில் எடுக்கும்போது வீட்டு மின்சாரத்தில் எரியும் மலிவான எல்.இ.டி. பல்பு துடிக்கும்; பேட்டரி டார்ச் நல்லது.

வண்ணம் பற்றிய கூட்டம்தான் இவ்வாண்டில் அதிகம் பேசப்பட்டது. என்.பி.சி.யின் தாய் நிறுவனமான ஆர்.சி.ஏ. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே பளிச்சென்ற நிறங்கள் விரும்பப்பட்டன. அதே சமயம் ஏராளமான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். கப்பலின் வேற்றுக்கிரக அதிகாரியான ஸ்பாக்குக்குச் செந்நிறத் தோல் என்ற யோசனை கைவிடப்பட்டதற்கு அதுவே காரணம்: கறுப்பு வெள்ளையில் சிவப்பு கரியதாகத் தெரியும். வேடிக்கையானது ‘தி கேஜ்’ படத்தில் வரும் பச்சைத் தோல் வேற்றுக்கிரகப் பெண்ணுக்கான ஒப்பனைச் சோதனை. நடிகை மேஜல் பேரட்டுக்குப் பச்சை பூசி எடுத்து அனுப்பினால், பிரதி சாதாரணத் தோல் நிறத்தில் திரும்பி வந்தது. இன்னும் அடர்த்தியாகப் பூசினார்கள், மறுபடியும் அப்படியே. லேபில் இருந்தவர்கள் ஏதோ நிறக்கோளாறு என்று நினைத்து ஒவ்வொரு முறையும் ‘சரிசெய்து’ அனுப்பியிருந்தார்கள். சோதனைச் சுருளோடு ஒரு சீட்டு வைத்து அனுப்பாததன் விலை.

உடை வடிவமைப்பாளர் வில்லியம் வேர் தைஸ் வடிவமைத்த கேப்டன் சட்டை நாம் நினைப்பதுபோல் பொன்மஞ்சள் அல்ல. வெலூர் என்ற, வெல்வெட் போன்ற அந்தத் துணி பச்சைச் சாயல் கொண்டது. விளக்கிலும் ஃபிலிமிலும் பொன்னிறமாக விழுந்தது. வேறு துணியில் தைத்த கிர்க்கின் மாற்றுச் சட்டை மட்டும் பச்சையாகவே தெரிந்துவிட்டதைக் கவனியுங்கள். வெலூர் ஒவ்வொரு சலவைக்கும் சுருங்கியதால் மூன்றாம் பருவத்தில் செயற்கைப் பின்னல் துணிக்கு மாறினார்கள்.

ஒளிப்பதிவாளர் ஜெரி ஃபினர்மனின் வேலைக்கு நமது வட்டம் தனி மரியாதை செலுத்தியது. கப்பலின் சுவர்கள் சாம்பல் நிறம். அவற்றின்மேல் வண்ண ஜெலட்டின் தாள் போட்ட விளக்கை அடித்தால் அதே தாழ்வாரம் ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று மாறும். ஹாலிவுட்டின் கோவர் தெரு ஸ்டூடியோவில் ஒன்பதாம் எண் படப்பிடிப்புத் தளம் கப்பலுக்கு, பத்தாம் எண் தளம் கிரகங்களுக்கு. பத்தாம் தளத்தின் பின்திரையில் ஜெலட்டினை மாற்றினால் புது வானம், புது கிரகம். லேபுக்கு ஓர் அடி ஃபிலிம்கூடப் போகவேண்டாம். அந்தத் தொடரின் மிகச் சிக்கனமான, மிக அழகான உத்தி இதுதான் என்பது செயலாளரின் சொந்தக் கருத்து, பொருளாளர் உடன்படவில்லை.

செட்டைப் பற்றிச் சுருக்கமாக: வட்டமான கட்டுப்பாட்டு அறை, துண்டு துண்டாகக் கழற்றி இழுக்கக்கூடியது, கேமரா எந்தப் பக்கமும் நுழையலாம். பொத்தான்கள் பல, ஐஸ் கட்டித் தட்டில் வண்ண ரெசின் ஊற்றி வார்த்தவை, பின்னாலிருந்து விளக்கு. கதவுகளுக்கு மோட்டார் இல்லை. திரைக்குப் பின்னால் ஆட்கள் கயிறு இழுத்தார்கள். இழுப்பவர் சற்றுத் தாமதித்தால் நடிகரின் மூக்குக் கதவில். தொடரின் டைட்டிலில் கப்பல் பாயும் ‘வூஷ்’ ஒலி, இசையமைப்பாளர் அலெக்சாண்டர் கரேஜ் வாயால் எழுப்பியது.

நடிகர்கள் கையாளும் பொருட்களில், அவற்றைச் செய்த கலைஞர் வா சாங்கின் கைவண்ணம் தனித்துத் தெரிகிறது. கையடக்கத் தகவல்தொடர்புக் கருவி, ஆராய்ச்சிக் கருவியான டிரைகார்டர், பல வேற்றுக்கிரக உயிரின வேடங்கள் அவர் பட்டறையிலிருந்து வந்தவை. 1967 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பான ‘தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்’ கதையின் டிரிபிள் என்ற உயிரினங்களான ரோம உருண்டைகளின் வடிவமைப்பும் அவருடையதே. செயற்கை ரோமத்துணிக்குள் ரப்பர் நுரை அடைத்து 500 தைக்க 350 டாலர் கூலி. நகரும் உருண்டைகளுக்குள் நடக்கும் பொம்மை நாயின் இயந்திரம். கிர்க் தலைமேல் உருண்டைகள் கொட்டிய பிறகும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருப்பது திட்டமிட்ட நகைச்சுவை அல்ல. மேலேயிருந்து எறிந்தவர்களுக்குக் கீழே நடப்பது தெரியவில்லை. கப்பலின் மருத்துவர் டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகள் சில, ‘தி மேன் டிராப்’ கதைக்காக வாங்கிய விசித்திர வடிவ உப்புக் குப்பிகள். மேசைமேல் வைத்தால் அது உப்புக் குப்பி என்று பார்ப்பவருக்குப் புரியாது என்பதால் ஒதுக்கப்பட்டவை, வேறு வேலைக்கு வந்தன.

மூன்றாம் பருவத்தில் எபிசோடு ஒதுக்கீடு 1,80,000 டாலருக்குக் கீழே போனது. வெள்ளி இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். இப்போது பணமே பிரச்சினை. ‘ஸ்பெக்டர் ஆஃப் த கன்’ கதைக்கு முழு ஊர் கட்ட முடியாததால் முன்சுவர்களை மட்டும் நிறுத்திச் செவ்வானம் போட்டார்கள். ‘தி எம்பத்’ பெரும்பாலும் கறுப்பு வெளியில் நடந்தது. முதலாவது மிக நன்றாக அமைந்தது. இரண்டாவதைப் பற்றி உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். செய்முறைக் கூட்டத்துக்குப் பிறகு அரங்கத் தரையிலிருந்து ஜிகினாவை அகற்றிய துப்புரவுப் பணியாளர்களுக்கு நமது நன்றி. இனி தரையில் பழைய வேட்டி விரித்தே அந்தச் சோதனை நடத்தப்படும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைப்பது 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி.யில் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடரான ‘டாக்டர் ஹூ’வின் ஒலி வேலை. டீலியா டெர்பிஷைர் டேப் துண்டுகளை வெட்டி ஒட்டி டைட்டில் இசையை உருவாக்கிய முறையும், பிரையன் ஹாட்ஜ்சன் பியானோ கம்பியில் சாவியால் உரசி எடுத்த, அத்தொடரின் காலப்பயண இயந்திரமான டார்டிஸின் ஒலியும் முதல் பாடங்கள். இதற்குக் கம்பிகள் கெட்டாலும் பரவாயில்லை என்று கைவிடப்பட்ட பழைய பியானோ ஒன்று தேவை. அறிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தெரிவிக்கலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்