காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விஷவாயு கசிகிறது என்றால் நமக்கு முதலில் தோன்றுவது ஓடுவதுதான். எந்த வாயு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியாமல் ஓடினால் நஞ்சுக்குள்ளேயே ஓடுகிறோம். 1984-ல் போபாலில் எத்தனையோ பேருக்கு அதுதான் நடந்தது. முகத்தை ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள் என்ற சின்ன விஷயத்தைக்கூட அவர்களுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஓர் ஆலையிலிருந்து ஸ்டைரீன் என்ற நச்சு ஆவி கசிந்தபோது மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அதனால் மாடிக்குப் போவது நல்லது. சில நேரம் கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. எதைச் செய்வது என்று சில நிமிடங்களில் முடிவெடுத்து அறிவிக்கும் ஏற்பாடு உள்ளாட்சியிடம் இருக்க வேண்டாமா?

டேங்கர் லாரியின் ஆபத்துப் பலகையில் 1017 என்றிருந்தால் குளோரின், 1005 என்றால் அம்மோனியா. லாரி கசிந்தால் முதலில் அங்கே போய் நிற்பவர் துப்புரவுப் பணியாளராக இருந்தாலும் சரி, அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். அப்புறம், வாயுக் கசிவு ஒத்திகையை ஆலைச் சுவருக்குள்ளேயே முடித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துத் தெருக்களிலும் நடத்துங்கள், ஒரு முறையாவது இரவில்.

– ஒரு வாசகர்