இராப்போஜனச் சுவரின் முன் 15 நிமிடம்

மிலானுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்லும் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு,

வணக்கம்.

லியொனார்டோ டா வின்சியின் 'இறுதி இராப்போஜனம்' சுவரோவியம் இருக்கும் சாந்தா மரியா தெல்லே கிராத்சியே மடத்தின் பழைய உணவுக்கூடத்துக்குள் உங்கள் குழுவுக்குக் கிடைப்பது 15 நிமிடம். 'இயேசுவின் பக்கத்தில் இருப்பது மகதலேனா மரியாளா?' என்ற கேள்விக்கு அதைச் செலவழிக்காதீர்கள். அது சீடர் யோவான்; அவரைத் தாடியில்லாத இளைஞராக வரைவது லியொனார்டோவுக்கு முன்பே இத்தாலியில் இருந்த வழக்கம். ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

உள்ளே போகுமுன் வாசலிலேயே யோவான் 13:21 முதல் 26 வரை வாசித்துவிடுங்கள். ஆறே வசனம்தான். "உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்" என்று இயேசு சொன்ன மறுகணம்தான் அந்தச் சுவரில் இருக்கிறது. யாரென்று கேட்கும்படி பேதுரு யோவானுக்குச் சைகை காட்டுவது 24ஆம் வசனம். யோவான் இயேசுவை விட்டு விலகிப் பேதுருவின் பக்கம் சாய்ந்திருப்பது அதனால்தான். இயேசுவுக்கும் யோவானுக்கும் இடையில் விழுந்த வெற்றிடத்தில் ரகசியக் குறி எதுவும் இல்லை.

பிறகு கைகளைக் காட்டுங்கள். யூதாசின் வலது கையில் பணப்பை (யோவான் 12:6). அவன் இடது கையும் இயேசுவின் வலது கையும் ஒரே பாத்திரத்தை நோக்கி நீள்கின்றன (மத்தேயு 26:23). யூதாசின் முதுகுக்குப் பின்னால் தெரியும் கத்தி பேதுருவினுடையது. அன்றிரவே பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸின் காதை வெட்டப்போகிறவர் அவர். வலப்பக்கம் விரலை உயர்த்தியிருப்பவர் தோமா. அந்த விரல் பிற்பாடு உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்கக் கேட்கும்.

'கத்தி என்றால் இதுதான் பொருள்' என்று மனப்பாடமாகச் சொல்வதில்தான் தவறு நேர்கிறது. அடுத்து ரோமில் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குப் போவீர்கள். அங்கே இறுதித் தீர்ப்பு ஓவியத்தில் கத்தி பர்த்தலோமேயுவின் கையில் இருக்கும். அது அவரையே தோலுரித்துக் கொன்ற கத்தி. ஃபுளோரன்ஸில் சாந்த் அப்பொலோனியா மடத்து இராப்போஜன ஓவியத்தில் யூதாஸ் மேசைக்கு இந்தப் பக்கம், பார்ப்பவர் பக்கம், தனியாக உட்கார்ந்திருப்பான். மிலானில் அப்படித் தேடினால் கிடைக்கமாட்டான், பணப்பையை வைத்துத்தான் பிடிக்கவேண்டும்.

இன்னொன்று: இதை 'ஃப்ரெஸ்கோ' என்று சொல்லாதீர்கள். ஈரச் சாந்தில் வரையாமல் காய்ந்த சுவரில் வரைந்ததால்தான் வண்ணம் சீக்கிரமே உதிரத் தொடங்கியது. இயேசுவின் பாதங்கள் எங்கே என்று கேட்பார்கள். 1652இல் கதவு வைக்கச் சுவரை வெட்டியபோது போய்விட்டன.

குழுவில் கத்தோலிக்கப் பெரியவர்கள் இருந்தால் பேதுருவை இராயப்பர் என்றும் யோவானை அருளப்பர் என்றும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். யார் யாரென்று யோசிப்பதிலேயே அவர்கள் நேரம் போகவேண்டாம்.

அன்புடன்,
மேலை ஓவியம் கற்பிப்போர் சிலர்